எழுதுவது எப்படி என்று இன்னொரு பொன்மொழி வேண்டாம்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இருபது பேருக்கு மடல் போட்டேன். பதினோரு பேர் "கண்டிப்பா தரேன்" என்றார்கள். கடைசித் தேதியன்று கைக்கு வந்தவை மூன்று. அதே மாதத்தில், எழுத்துக்கலை பற்றிப் பேரறிஞர்கள் சொன்னதாக வாட்ஸப்பில் வந்த பொன்மொழிகள் நாற்பதுக்கும் மேல். கட்டுரை தராத எட்டுப் பேரில் ஐந்து பேர் அனுப்பியவை :-)

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நானும் அந்தக் கட்சிதான். கால்கரிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நோட்டு வாங்கி, எழுத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதையெல்லாம் குறித்துவைக்க ஆரம்பித்தேன். பதினாறு வருஷத்தில் இரண்டாவது நோட்டும் நிறையப் போகிறது. என் சொந்த எழுத்து என்று அதில் ஒரு பக்கம் கிடையாது.

பொன்மொழியைப் படித்ததும் ஏதோ வேலை நடந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வருகிறதே, அதுதான் ஆபத்து. சமையல் குறிப்பைப் படித்துவிட்டு ஏப்பம் விடுகிற கதை.

அதிலும் பல பொய். போதையில் எழுதச் சொல்லி, தெளிந்தபின் திருத்தச் சொல்லி ஹெமிங்வே பெயரில் ஒன்று சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. 1964-இல் வந்த பீட்டர் டி விரீஸின் நாவல் ஒன்றில் ஒரு பாத்திரம் பேசுகிற பேச்சின் சாயல்தான் அதில் இருக்கிறது. நிஜ ஹெமிங்வே விடிந்ததும் எழுத உட்காருகிறவர் (உட்காருவதுகூட இல்லை, பெரும்பாலும் நின்றபடி). அன்றன்றைக்கு எத்தனை வார்த்தை எழுதினோம் என்று அட்டையில் கணக்கு வைத்தவர். 1958-இல் வெளிவந்த பாரிஸ் ரிவ்யூ பேட்டியில் இதெல்லாம் இருக்கிறது. அந்த அட்டையை ஒருவரும் ஃபார்வர்டு செய்யவில்லை, கவனித்தீர்களா?

சரி, ஏன் எழுதவில்லை என்று கேட்டால் நம் ஆட்கள் சொல்வது இரண்டு. ஒன்று, வேலை, பிள்ளைகள், நேரமே இல்லை. இரண்டு, சுற்றிலும் வேற்றுமொழி, தமிழ்ச் சூழல் இல்லை. மன்னிக்கவும், நான் திருவனந்தபுரத்துக்காரன். என்னிடம் இந்த இரண்டும் செல்லாது.

1956-இல் மாநிலம் பிரித்தபோது கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்குப் போனது. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகரானது. அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடம், ஆபீஸ், பஸ் போர்டு எல்லாம் மலையாளம். தமிழ்ப் பத்திரிகைகளும் பதிப்பகங்களும் பெரும்பாலும் சென்னையில். அந்த ஊரிலிருந்து எழுதியவர்களைப் பாருங்கள்.

ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். பேரம், கடன்காரன், கல்லாச் சில்லறை எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்துகொண்டு அந்தத் தெருவின் சுமைக்காரர்களையும் திருடர்களையும் பைத்தியங்களையும் தமிழ்க் கதைக்குள் கொண்டுவந்தார். நீல பத்மநாபன் மின்வாரியத்தில் பொறியாளர். என்னைப் போலவே எஞ்சினியர், என்னைப் போலவே மாதச் சம்பளம். அவர் 1968-இல் 'தலைமுறைகள்' தந்தார், இரண்டே வருஷத்தில் 'பள்ளிகொண்டபுரம்'. பின்னதின் நாயகன் அனந்தன் நாயர், மலையாளி. சுற்றிலும் இருந்த வேற்றுமொழியைச் சாக்காகச் சொல்லாமல் அதையே நாவலாக்கிவிட்டார் மனுஷர். நகுலன் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். பகலெல்லாம் ஆங்கில இலக்கியம் நடத்தினார். தமிழில் கவிதையும் நாவலும் எழுதினார், 'குருக்ஷேத்திரம்' என்ற தொகுப்பையும் கொண்டுவந்தார்.

"அவர்களும் எழுத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்களே" என்று சில நண்பர்கள் மடக்குவார்கள். வாஸ்தவம். 2015-இல் மாதவனுக்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்ததே 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரை நூலுக்குத்தான். அப்போது அவருக்கு வயது 81. அதற்குப் பின்னால் அத்தனை வருஷக் கதைகள் நிற்கின்றன. சமைத்துச் சமைத்துக் கைபழகியவர் உப்பைப் பற்றிச் சொன்னால் கேட்கலாம். நாம் அடுப்பே பற்றவைக்காமல் அவர் சொன்ன உப்பை மட்டும் ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், இதில் எனக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது. என் அப்பா சாலையில் ஒரு பலசரக்கு மொத்தக்கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதினார். சரக்கு இறங்குகிற விடியற்காலைகள், யார் யாருக்குக் கடன் கொடுத்துக் கெட்டார்கள், தமிழும் மலையாளமும் கலந்து சுமட்டுக்காரர்கள் ஏசுகிற ஏச்சு, எல்லாம் அவர் வாயில் கதையாக வரும். "லே மக்கா, இதெல்லாம் நீ எழுதப்பிடாதா?" என்று ஒவ்வொரு லீவிலும் கேட்பார். எழுதறேன்ப்பா, முதல் வரி சரியா வரட்டும் என்பேன். முதல் வரி எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றி மட்டும் என் நோட்டில் பதினான்கு பொன்மொழிகள் இருக்கின்றன.

போன முறை ஊருக்குப் போனபோது நானே கேட்டேன். கடை இருந்த சந்து ஞாபகம் இருக்கிறது அவருக்கு. எதிர்க்கடைக்காரர் பெயர் வரவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பவே கேட்டு எழுதியிருக்கப்பிடாதா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அம்மாவோ, சித்தப்பாவோ, முதன்முதலாகக் கப்பலேறிய பெரியம்மாவோ. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் "சாப்டியா, அங்க குளிரா" என்பதற்கு மேல் இன்னொரு கேள்வி கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே இரண்டு பக்கம் எழுதுங்கள். பிழை இருக்கட்டும், திருத்திக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் தமிழ் படிப்பார்களா என்று கவலைப்படுகிறோமே, படித்தால் அவர்களுக்கு நம் வீட்டுக் கதை ஏதாவது கிடைக்கவேண்டாமா?

நோட்டு இரண்டையும் பரணில் போட்டாயிற்று. அப்பாவுக்கு நினைவிருக்கிற வரைக்கும் அந்தச் சந்தைப் பற்றி நேற்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முதல் வரி சுமார்தான்.

மலருக்குக் கடைசித் தேதியை மாதக் கடைசி வரை தள்ளி வைத்திருக்கிறேன். அந்த எட்டுப் பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். காத்திருக்கிறேன்.