கூட்டத்தைக் கூட்டியது யார்?

கொரோனாத் தொற்றைக் காட்டிலும் விரைந்து பரவிய பழிச்சொல் ஒன்று 2020ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் வழங்கியது. “மக்களுக்கு அறிவில்லை, சொன்னால் கேளார், அடித்தால்தான் அடங்குவர்” என்பதே அப் பழிச்சொல். ஆட்சியாளர் அதைச் சொன்னதில் வியப்பில்லை. தொலைக்காட்சியின்முன் அமர்ந்து சந்தையிலும் சாலையிலும் நின்ற கூட்டத்தைக் கண்டு நகைத்த படித்தவரும் அதையே சொன்னார்கள். அக் கூட்டங்கள் எந்த நாளில், எந்த ஆணைக்குப் பின்னர்க் கூடின என்று மட்டும் ஒருவரும் கணக்கெடுத்துப் பார்க்கவில்லை. அக் கணக்கை இப்பொழுதேனும் பார்த்துவிடுதல் வேண்டும். நோய் ஒருவாறு ஓய்ந்தது. பழி இன்னும் ஓயவில்லை.

முதற்கண் 2020 மார்ச்சு 22ஆம் நாளை எடுத்துக்கொள்க. ஒரு நாள் மட்டும் வீட்டிலேயே இருங்கள் என்று கேட்கப்பட்டது. மக்கள் இருந்தனர். சென்னையின் பெருந்தெருக்கள் ஆளரவமின்றிக் கிடந்தன. அடி இல்லை, தண்டம் இல்லை, மூன்று நாள் முன்னரே சொல்லப்பட்டது, அவ்வளவே. அடுத்த நாளே காட்சி மாறியது. மார்ச்சு 24 மாலை 6 மணி முதல் மாநிலம் அடைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்ததும், கோயம்பேட்டுப் பேருந்து நிலையத்தில் கால்வைக்க இடமில்லை. சென்னையில் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் வந்து, பத்துக்குப் பத்து அறையில் அறுவராய் எண்மராய்த் தங்கியிருந்தவர்கள் அவர்கள். வேலையில்லா ஊரில் வாடகைக்கும் சோற்றுக்கும் என்ன செய்வர்? மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஓடினர். மறுநாள் இரவு 8 மணிக்குத் தலைமையமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு 12 மணி முதல் இந்தியா முழுதும் 21 நாள் அடைப்பு என்றார். நூற்று முப்பது கோடி மக்களுக்கு நான்கு மணி வேளை! வடபுலத்து நெடுஞ்சாலைகளில் கைக்குழந்தையோடு நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடந்த கூலிகளின் பாடு அந்த நான்கு மணி வேளையில் தொடங்கியது.

ஒருமுறை தவறிவிட்டது, நோயும் புதிது என்று பொறுத்துக்கொள்ளலாம். ஒரு திங்களுக்குப் பின்னர் அதே தவறு மீண்டும் நடந்ததே, அதற்கு என்ன மறுமொழி? ஏப்பிரல் 24ஆம் நாள் வெள்ளிக்கிழமை ஓர் அறிவிப்பு வந்தது. 26ஆம் நாள் காலை முதல் 29ஆம் நாள் இரவு வரை சென்னை, கோவை, மதுரை மாநகரங்களில் முற்றடைப்பு. மளிகைக்கடையும் காய்கறிக்கடையும் இரா. இடையில் இருந்தது ஒரே நாள். அந்த 25ஆம் நாளில் மூன்று மாநகரங்களும் கடைத்தெருவில் நின்றன. நான்கு நாளுக்கு அரிசியும் காயும் வாங்க வந்தவனை, இடைவெளி விட்டு நிற்கத் தெரியாதவன் என்று இகழ்ந்தார்கள். குளிர்பெட்டி வைத்திருப்பவனுக்கு நான்கு நாள் அடைப்பு ஓய்வு. அன்றன்றைய கூலியில் அன்றன்றைய காயை வாங்குபவனுக்கோ அது பட்டினி பற்றிய அச்சம். அச்சம் கொண்ட இலக்கக்கணக்கானோரை ஒரே நாளில் ஒரே தெருவுக்கு வரவழைத்துவிட்டு, ஆறடி தள்ளி நிற்கச் சொல்வது என்ன அறிவுடைமை?

அதன்பின் கோயம்பேட்டுச் சந்தை நோய்க்கொத்தாக வெடித்தது. 1996இல் திறக்கப்பட்டு, ஏறத்தாழ 295 குறுக்கம் பரப்பில், காய்க்கும் கனிக்கும் பூவுக்குமாக ஆயிரக்கணக்கான கடைகளோடு இயங்கும் சந்தை அது. வணிகர் இடம் மாற உடன்படவில்லை என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் தென்னாட்டின் மிகப்பெரிய சந்தைகளுள் ஒன்றைப் பகுதிபகுதியாகப் பிரித்தமைக்க மார்ச்சுக் கடைசியிலேயே இடம் பார்த்திருக்க வேண்டியது எவர் பணி? மூட்டை தூக்குவோரின் பணியா? மே 5ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. அங்கு வேலை செய்தோர் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் திரும்பினர். தொற்றும் உடன் சென்றது. பிறகு திருமழிசையில் ஒரு வெட்டவெளியில் மாற்றுச் சந்தை அமைந்தது. விளைந்த காயை எங்கே இறக்குவது என்று தெரியாமல் இடையில் தவித்த உழவரைப் பற்றி எழுதினோர் சிலரே.

எல்லாம் மூடிக் கிடந்த அந்த மே முதற் கிழமையில் திறக்கப்பட்டது எது? அடுப்பில்லாத தேநீர்க் கடையா? முடிதிருத்துவோர் கடையா? நூலகமா? சாராயக்கடை! மே 4ஆம் நாள் அறிவித்து, 7ஆம் நாள் சென்னைக் காவல் எல்லை நீங்கலாக மாநிலமெங்கும் டாசுமாக் கடைகள் திறக்கப்பட்டன. அண்டை மாநிலங்களில் கடைகள் திறந்துவிட்டதால் குடிப்போர் எல்லை கடந்து செல்கின்றனர், அதைத் தடுக்க இயலவில்லை என்பது அரசு சொன்ன விளக்கம். ஊருக்குப் போகும் தாயைத் தடுக்க முடிந்த அரசுக்குச் சாராயத்துக்குப் போகிறவனைத் தடுக்க முடியவில்லை போலும்! உண்மைக் கரணியம் எல்லையில் இல்லை, கருவூலத்தில் இருந்தது. சாராயத்தால் ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி உருபாவுக்கு மேல் வருவாய் காணும் மாநிலம் இது. ஒன்றரைத் திங்களாக அவ் வருவாய் நின்றுபோயிருந்தது. திறந்த முதல் நாளில் மட்டும் ஏறத்தாழ 170 கோடி உருபாவுக்கு விற்பனை நடந்ததாகச் செய்தி வந்தது.

அன்று கடைமுன் நின்ற வரிசையைப் படம்பிடித்துக் காட்டி, “இவர்கள்தாம் தமிழர்” என்று கெக்கலித்தோர் பலர். அதே நாளில் பல ஊர்களில் பெண்கள் கடைமுன் அமர்ந்து மறியல் செய்ததைக் காட்டியோர் சிலர். நாற்பது நாள் குடியின்றிக் கணவன் வீட்டில் இருந்ததையும், அடுப்பில் இரு வேளை உலை கொதித்ததையும் கண்டவர்கள் அப் பெண்கள். நோய்க்காலம் தமிழகத்துக்குக் காட்டிய ஒரே நன்மை அது. குடியை விட்டால் உயிர் போகாது என்பதை இலக்கக்கணக்கான குடும்பங்கள் தாமே கண்டறிந்தன. பல்லாண்டுப் பரப்புரையால் ஆகாதது நாற்பது நாளில் ஆகிக்கொண்டிருந்தது. அதை வளர்த்தெடுக்கும் எண்ணம் கோட்டையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விதித்த வரம்புகள் காற்றில் பறந்ததைக் கண்ட சென்னை உயர்வழக்குமன்றம் மறுநாளே, மே 8ஆம் நாள், கடைகளை மூட ஆணையிட்டது. அரசு அடங்கியதா? தில்லி உச்சவழக்குமன்றத்துக்கு ஓடியது. மே 15இல் இடைத்தடை பெற்றது. 16ஆம் நாள் கடைகள் மீண்டும் திறந்தன. வேளை குறித்த சீட்டுகள் வழங்கப்பட்டன. கட்டைகள் கட்டி, வட்டங்கள் வரைந்து, காவலர் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினர். அந்த ஒழுங்கு ஏன் ஏப்பிரல் 25ஆம் நாள் காய்கறிக் கடையில் இல்லை? சீட்டுக் கொடுக்கவும் வட்டம் வரையவும் அரசுக்குத் தெரியும். எதற்காகத் தெரியும் என்பதுதான் வினா.

திறப்பின் வரிசையை முழுதும் எழுதிப் பார்த்தால் ஆட்சியின் உள்ளம் எழுத்துக்கூட்டாமலே விளங்கும். சிற்றூர் முடிதிருத்தகங்கள் மே 19இல், சாராயத்துக்குப் பின் திறந்தன. எல்லாக் கோயில்களும் செப்டம்பர் முதல் நாளில் திறந்தன. மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்து ஓடியது செப்டம்பர் 7இல். ஆகத்து முடியும்வரை மாவட்டம் விட்டு மாவட்டம் சாவுக்குப் போகவும் ‘இ-பாசு’ எனப்பட்ட இணையவழி இசைவுச் சீட்டு வேண்டும். இணையம் அறியாத கிழவி பெற்ற மகனின் முகத்தைக் கடைசியாய்க் காண இசைவு கேட்டு எந்தக் கதவைத் தட்டுவாள்? கேட்டவர்க்கெல்லாம் சீட்டு என்ற நிலை ஆகத்து 17இல் வந்தது.

இனி, கட்டுப்பாடு என்பது காவலரின் கைத்தடியாக மாறியதன் உச்சத்தைச் சொல்லாமல் விட இயலாது. சூன் 19ஆம் நாள், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை வைத்திருந்த ஒரு தந்தையும் அவர் மகனும் காவல்நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். குறித்த வேளைக்குமேல் கடையைத் திறந்துவைத்திருந்தனர் என்பதே சாட்டப்பட்ட குற்றம். 22ஆம் நாள் இரவு மகன் இறந்தான். 23ஆம் நாள் காலை தந்தை இறந்தார். வணிகர்கள் கடையடைத்தனர், உயர்வழக்குமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது, புலனாய்வு நடுவண் பிரிவுக்கு மாறி, காவலர் ஒன்பதின்மர்மீது குற்ற அறிக்கை பதியப்பட்டது. “அடித்தால்தான் அடங்குவர்” என்று வீட்டிலிருந்தபடி பேசியவர்கள் அன்று வாய்மூடினர். அந்தச் சொல் முதலில் அவர்கள் கூடத்திலேதான் பிறந்தது. சாலையில் தோப்புக்கரணம் போடவைத்த காவலரின் படத்தைக் கண்டு மார்ச்சுத் திங்களில் கைதட்டியவர்களும் அவர்களே.

மக்கள் பக்கம் பிழையே இல்லையா எனில், உண்டு. அது வெட்கப்படத்தக்க பிழை. ஏப்பிரல் 19ஆம் நாள் சென்னையில், தொற்றால் இறந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. நோயாளிக்கு உதவிய கைக்கு ஆறடி மண்ணும் மறுத்த அச் செயலுக்கு எந்த விளக்கமும் ஈடாகாது. அரசு அதன்பின் அடக்கத்தைத் தடுப்போருக்குச் சிறை என்று அவசரச் சட்டம் செய்தது, செய்தது சரியே. ஆயினும் இறந்த உடலை முறைப்படி புதைத்தால் அக்கம்பக்கத்தார்க்குத் தொற்றாது என்ற எளிய உண்மையை அதற்கு முன்னரே தெருத்தெருவாகச் சொல்லியிருக்கலாம் அன்றோ?

சொல்லியதும் என்ன மொழியில்? ‘லாக்டவுன்’, ‘குவாரண்டைன்’, ‘கன்டெயின்மென்ட்’ என்று ஆட்சியர் அலுவலகப் பலகைகளே பேசின. தமிழில் எழுதியபோது நேர்ந்தது அதனினும் கேடு. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துச் ‘சமூக விலகல்’ என்றார்கள். சேரிக்கும் ஊருக்கும் இடையே வாய்க்காலும் வழியும் பிரித்து, நூற்றாண்டுக்கணக்காய் விலகல் பயின்ற குமுகாயம் இது. அதனிடம் போய், விலகு என்பதா? உலக நலவாழ்வு நிறுவனமே 2020 மார்ச்சில், வேண்டுவது உடல்களுக்கிடையே இடைவெளிதான், உறவு அறுதல் அன்று என்று தன் சொல்லை மாற்றிக்கொண்டது. இங்கே அந்தச் சொல் நெடுநாள் ஒலித்தது. கட்டுப்படுத்தப்பட்ட தெருவின் வாயிலில் தகரம் அடித்து, வீட்டுக் கதவில் தாள் ஒட்டியதும், அத் தெருவினர் பால் வாங்கச் சென்ற கடையில் வேறு பார்வை பார்க்கப்பட்டதும் அச் சொல்லின் விளைவும் ஆகும். ஆறடி தள்ளி நில் என்றால் குழந்தைக்கும் விளங்கியிருக்கும்.

இவ்வளவு இருளிலும், மக்களைக் கேட்டால் என்ன சொல்வர் என்பதற்குச் சான்று ஒன்று கிடைத்தது. 2020 நவம்பர் 16இல் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை திறப்பதென அரசு முடிவுசெய்திருந்தது. எதிர்ப்பு எழவே, நவம்பர் 9இல் பள்ளிதோறும் பெற்றோரை அழைத்துக் கருத்துக் கேட்டனர். மழைக்காலம், இரண்டாம் அலை பற்றிய அச்சம், வகுப்பறை நெருக்கம் ஆகியவற்றை எண்ணிப் பலர் இப்பொழுது வேண்டா என்றனர். அரசு திறப்பைத் தள்ளிவைத்தது. சனவரியில் மீண்டும் கேட்டனர், திறக்கலாம் என்றனர். 2021 சனவரி 19இல் பத்தாம் பன்னிரண்டாம் வகுப்புகள் திறந்தன. எங்கும் கலகம் இல்லை, தடியடி இல்லை. படிக்காத தாயும் தன் பிள்ளையின் உயிரையும் படிப்பையும் இரு கையில் வைத்து நிறுத்துச் சொல்ல வல்லவள் என்பது அன்று தெரிந்தது. ஆனால் அதே சனவரி 4ஆம் நாள் திரையரங்குகளில் எல்லா இருக்கைகளையும் நிரப்ப இசைவு தந்தபோது எவரைக் கேட்டார்கள்? மருத்துவர்கள் அலறினர்; நடுவண் அரசு மறுத்தது; 8ஆம் நாள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. பள்ளிக்குக் கேட்ட காது திரைக்கு அடைத்துக்கொண்டது.

அடுத்து வந்த தேர்தலில் ஊர்தோறும் ஆளேற்றி வந்து கூட்டம் சேர்த்தோர் எல்லாக் கட்சியினருமே. முகமூடி அணியாதவனுக்குத் தண்டம் விதித்த அரசுக்கு அந்தப் பந்தல்கள் கண்ணில் படவில்லை. ஏப்பிரல் 26இல் சென்னை உயர்வழக்குமன்றம் தேர்தல் ஆணையத்தை நேர்முகமாகவே கடிந்தது. அதற்குள் மருத்துவமனை வாயில்களில் உயிர்வளிக்காக ஊர்திகள் வரிசையில் நின்றன.

2020 மே 7ஆம் நாள் சாராயக்கடை திறப்பைக் கண்டித்துக் கருப்புடை அணிந்து வீட்டு வாயிலில் நின்றவர்கள் 2021 மேயில் ஆட்சிக்கு வந்தனர். சூன் 14இல் 27 மாவட்டங்களில் சாராயக்கடைகளைத் திறந்தனர். இம்முறை கருப்புக்கொடி பிடித்தவர்கள் வேறு கட்சியினர். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது அதற்குப் பின்னும் நான்கரைத் திங்கள் கழித்து, நவம்பர் முதல் நாளில். அன்று இரண்டாம் வகுப்பில் அமர்ந்த குழந்தைக்கு அதுவே வாழ்க்கையில் முதல் பள்ளிநாள்.