ஐந்து பேரில் ரெண்டு பேர் வரல... ஆட்டத்தை நிறுத்தணுமா?

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆட்டம். மூன்றரைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வரும். "மாப்ள, சாரி. இன்ஸ்பெக்‌ஷனை நாளைக்கே வெச்சுட்டாங்க. கம்பெனிலதான் இருக்கேன்." அதற்குக் கீழே இன்னொன்று: "எனக்கும் இன்னிக்கு டவுட்டுதான்." அப்புறம் யாராவது ஒருவர், "சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார். அடுத்த வாரமும் இதே கதைதான். நாலு வாரம் இப்படிப் போனால் அந்த குரூப்பில் குட் மார்னிங் படங்கள் மட்டும்தான் மிஞ்சும்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் குழுக்கள் சண்டை போட்டு உடைவது குறைவு. பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் கரைந்து போகின்றன. பனியன் தொழிலை நம்பி வாழும் ஊரில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வரும் ஒன்றரை ஷிஃப்ட், ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் வேலை, பையர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பதால் ராத்திரியிலும் மெயில் பார்க்கும் மெர்ச்சண்டைசர் வாழ்க்கை. இதற்கு நடுவில் வாரம் மூன்று மணி நேரம் நண்பர்களோடு உட்கார்வது சின்ன விஷயம் இல்லை. அதைக் காப்பாற்றிக்கொள்ள சில ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும்.

முதலில், இது என்ன ஆட்டம்?

ஒருவர் கதையை நடத்துவார். அவருக்குக் கேம் மாஸ்டர் என்று பெயர். மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். "குகை வாசலில் காவலாளி தூங்குகிறான், என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். இவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். பெரும்பாலும் 20 முகம் கொண்ட பகடை. கதை ஒரே நாளில் முடியாது, வாரக்கணக்கில், சில குழுக்களில் வருடக்கணக்கில் ஓடும்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகைக்குத் தொடக்கம். இங்கே பலருக்கு இது அறிமுகமானது நெட்ஃபிளிக்ஸின் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' வழியாக. அந்தத் தொடரின் நான்காவது சீசன், 2022-ல் வந்தது, நம் பிரச்சினையிலிருந்தேதான் ஆரம்பிக்கிறது. லூகஸுக்கு அன்றைக்குக் கூடைப்பந்து இறுதிப் போட்டி. ஆட்டத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நடத்துபவரான எடி முடியாது என்கிறார். கடைசியில் லூகஸின் தங்கை எரிக்காவை அவன் இடத்தில் உட்கார வைக்கிறார்கள். வராத ஆள், புது ஆள் என்று இரண்டு தலைவலியும் ஒரே காட்சியில். எரிக்கா 20 போட்டு ஜெயித்துவிடுகிறாள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லூகஸுக்குத் தன் முக்கியமான நாளில் நண்பர்கள் வரவில்லை என்ற வருத்தம் மிஞ்சுகிறது. 'தள்ளிவை' அல்லது 'வராதவன் போகட்டும்' என்று இரண்டே வழிதான் இருக்கிறது என நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஐந்து ஆட்டக்காரர்கள். ஒவ்வொருவரும் ஐந்து வாரத்தில் நாலு வாரம் வந்துவிடுவார். நல்ல வருகைதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து பேரும் ஒரே நாளில் வர வாய்ப்பு எவ்வளவு? சுமார் 33 சதவீதம். அதாவது 'எல்லோரும் வந்தால்தான் ஆட்டம்' என்று வைத்தால் மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் ஆட முடியும். 'மூன்று பேர் வந்தால் போதும்' என்று மாற்றினால்? வாய்ப்பு 94 சதவீதமாக ஏறுகிறது. ஆட்கள் மாறவில்லை, ஒரே ஒரு விதிதான் மாறியது.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஒருவர் லீவுக்கும் இன்னொருவர் லீவுக்கும் சம்பந்தம் இல்லை என்றால்தான் இந்தக் கணக்கு சரி. ஐந்து பேரும் ஒரே கம்பெனி, ஒரே கன்டெய்னருக்காக ஓடுகிறவர்கள் என்றால் ஒரு ஷிப்மென்ட் மொத்த டேபிளையும் காலி செய்துவிடும். பேங்கில் ஒருவர், காலேஜில் ஒருவர், டையிங் யூனிட் அக்கவுன்ட்ஸில் ஒருவர் என்று கலந்திருக்கிற குழு நீடிக்கும்.

மூன்று பேர் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தால் வராதவர் மேல்தான் பழி விழும்.

பென் ராபின்ஸ் என்பவர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். 'வெஸ்ட் மார்ச்சஸ்' என்று அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடத்திய ஆட்டத்தில் பத்துப் பதினாலு பேர் இருந்தார்கள். நிரந்தரமான நாள் கிடையாது, நிரந்தரமான அணியும் கிடையாது. யாருக்கு என்றைக்கு முடிகிறதோ அவர்களே சேர்ந்து தேதி குறித்துக்கொண்டு அவரைக் கூப்பிட வேண்டும். முக்கியமான விதி ஒன்று உண்டு: ஒவ்வொரு ஆட்டமும் ஊரில் தொடங்கும், காட்டுக்குள் போய்விட்டு ஊருக்கே திரும்பி முடியும். குகைக்கு நடுவில் 'தொடரும்' போட்டால், அடுத்த வாரம் வராதவர் குகைக்குள் மாட்டிக்கொள்வார். லைனில் பாதி தைத்த பண்டிலைப் போட்டுவிட்டுப் போனால் மறுநாள் அந்த மெஷினில் உட்காருகிறவர் படும் பாடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆட்டத்தை அரை மணி முன்னாலேயே முடித்தாலும் பரவாயில்லை, பாத்திரங்களைப் பத்திரமான ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு எழுந்திருங்கள்.

வராதவரின் பாத்திரம் என்ன ஆகும்?

இங்கேதான் மனக்கசப்பு முளைக்கிறது. அவருடைய பாத்திரத்தை இன்னொரு நண்பர் ஆடலாம், கேம் மாஸ்டரே ஆடலாம், 'அவர் சத்திரத்தில் காய்ச்சலாகப் படுத்திருக்கிறார்' என்று ஒதுக்கியும் வைக்கலாம். எது வேண்டும் என்று சம்பந்தப்பட்டவரிடமே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு எல்லை வேண்டும்: ஆள் இல்லாதபோது அவர் பாத்திரம் சாகக் கூடாது, அவர் பொருளை யாரும் விற்கக் கூடாது, அவர் பெயரில் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. எட்டு மாதம் வளர்த்த பாத்திரம், தான் கார்ட்டன் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் செத்துப்போனது என்று கேள்விப்படுகிறவர் திரும்பி வரமாட்டார். "கேம்தானே, விடு மாப்ள" என்று சொல்வதால் அது சரியாகிவிடாது.

அனுபவப் புள்ளி விஷயத்தில் அதிகாரபூர்வ புத்தகத்தோடு கொஞ்சம் முரண்பட வேண்டியிருக்கிறது. ஐந்தாம் பதிப்பின் 2014 வழிகாட்டி, வராதவருக்கு வழக்கமாகப் புள்ளி கிடையாது, அதனால் இரண்டு மூன்று நிலை வித்தியாசம் வந்தாலும் ஆட்டம் கெட்டுவிடாது என்கிறது. சில கேம் மாஸ்டர்கள் புள்ளியை வருகைக்கான ஊக்கமாகவே பார்க்கிறார்கள் என்றும் சொல்கிறது, எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கும் மாற்று வழியையும் காட்டுகிறது. திருப்பூருக்கு அந்த மாற்று வழிதான் சரி. வராத நாளுக்குக் கூலி இல்லை, தைத்த பீஸுக்குத்தான் காசு என்பது வாரம் ஆறு நாளும் பார்க்கிற விதி. ஏழாவது நாள் நண்பர்கள் டேபிளிலும் அதே விதி எதற்கு? வராமல் போனவர் படம் பார்க்கப் போயிருக்கவில்லை, வேலையில் இருக்கிறார், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில், ஊரில், கல்யாண வீட்டில் இருக்கிறார். அந்த மாலையை இழந்ததே அவருக்குப் போதுமான நஷ்டம். குழு முழுவதும் ஒன்றாக நிலை ஏறட்டும்.

விட்டுப்போன கதையை எப்படிச் சொல்வது?

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். அண்ணன்மார் கதை இந்த மண்ணின் கதைதான். பொன்னர், சங்கர், தங்கை தங்காள், கொம்பன் என்ற ராட்சதப் பன்றி. இன்றைக்கு யாராவது புதிதாக எழுதினால் நல்ல ரோல்பிளேயிங் கதை என்றுதான் சொல்வோம். காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965-ல் உடுக்கடிப் பாடகர்கள் இதைப் பாடியதை மானுடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்தார். பாட்டும் வசனமுமாகப் பதினெட்டு இரவுகள். பண்ணையம் பார்க்கிற ஊரில் பதினெட்டு இரவும் விடாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பது கஷ்டம். ஆனாலும் நடுவில் ஒரு ராத்திரி விட்டவருக்குப் பெரிய இழப்பில்லை, கதை முன்பே தெரியும்.

டேபிளில் அந்த வசதி இல்லை. அடுத்து என்ன என்பது நடத்துபவருக்கே தெரியாது. அதனால் ஆட்டம் முடிந்த இரவே இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் ஒன்று போதும். அதை கேம் மாஸ்டர் போட வேண்டாம், ஆடியவர்களில் ஒருவர் போடட்டும். "டேய், நீ இல்லாம அந்தப் பாலத்துல என்ன பாடு பட்டோம் தெரியுமா" என்று நண்பன் குரலில் கேட்பது வேறு, நாலு பக்க பிடிஎஃப் படிப்பது வேறு. பிடிஎஃபை யாரும் திறப்பதில்லை.

நாலு பேர் டேபிளில், ஒருவர் வீடியோ காலில் என்பது எல்லோரும் ஒருமுறையாவது முயற்சி செய்கிற வழி. பெரும்பாலும் போனில் இருப்பவர் பார்வையாளராகிவிடுகிறார். ஆடினால் எல்லோரும் ஆன்லைன், இல்லையென்றால் எல்லோரும் நேரில் என்று வைத்துக்கொள்ளலாம்.

புதுசா ஒருத்தர் வந்தால்?

திருப்பூர் புது ஆட்களால் ஆன ஊர். தென் மாவட்டங்களிலிருந்து, ஒடிசாவிலிருந்து, பீகாரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் இல்லாமல் இங்கே ஒரு லைனும் ஓடாது. புதிதாக வருகிறவர் கைமடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பிறகு மெஷினில் உட்காருவார். வேலைக்கு அது சரி. டேபிளில் அது வேலைக்காகாது. "ரெண்டு வாரம் சும்மா உக்காந்து பாரு, அப்புறம் ஆடலாம்" என்றால் மூன்றாவது வாரம் அவர் வரமாட்டார்.

முதல் அரை மணிக்குள் அவர் கையில் பகடை இருக்க வேண்டும். தயாராக எழுதிய பாத்திரத் தாள் ஒன்றைக் கொடுங்கள், மற்றவர்களின் அதே நிலையில். உன் பாத்திரத்துக்கு என்ன வேண்டும், எதில் அவர் கெட்டிக்காரர், எந்தப் பகடையை உருட்ட வேண்டும் என்று மூன்று விஷயம் போதும். மிச்சம் விளையாடும்போது வரும். கதைக்குள் அவர் நுழைய பெரிய காரணமும் தேவையில்லை. அதே குகையில் கட்டிப்போடப்பட்ட கைதியாக இருக்கட்டும், அவிழ்த்துவிட்டவுடன் நண்பர்.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. விதிகள், தாள் எல்லாம் ஆங்கிலத்தில். நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவர்கூட அந்தத் தாளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார். பாத்திரத் தாளைத் தமிழில் ஒரு பக்கமாகக் கையால் எழுதிக் கொடுத்தால் போதும், ஆள் மாறிவிடுவார். கதைக்கும் கோட்டை, டிராகன் என்று கட்டாயம் இல்லை. 2022-ல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' தொகுப்பில் கொல்கத்தாவில் பிறந்த மிமி மொண்டல், வங்காளச் சாயலுள்ள நிலத்தில் ஒரு கதை எழுதியிருக்கிறார். அந்தத் தொகுப்பில் உள்ளவை தனித்தனிக் கதைகள் என்பதால், வாராவாரம் ஆட்கள் மாறுகிற குழுவுக்கும் ஒத்துவரும்.

இன்னொன்று, பேசப்படாமலேயே போவது. புதிதாகச் சேர்ந்த பெண் இரண்டாவது வாரத்தோடு நின்றுவிட்டால், "இன்ட்ரெஸ்ட் இல்லபோல" என்று முடித்துவிடுகிறார்கள். எத்தனை மணிக்கு முடிந்தது, யார் வீட்டில் நடந்தது, திரும்பிப் போக பஸ் இருந்ததா, கதைக்குள் என்ன மாதிரி ஜோக் ஓடியது என்று யாரும் யோசிப்பதில்லை. முடிக்கிற நேரத்தை முன்பே சொல்லி அதைக் கடைப்பிடியுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய 'எக்ஸ் கார்டு' என்ற எளிய வழி உண்டு: டேபிள் நடுவில் எக்ஸ் போட்ட ஓர் அட்டை. கதை சங்கடமான பக்கம் போனால் யார் வேண்டுமானாலும் தொடலாம். தொட்டால் அந்தக் காட்சி அப்படியே விடப்படும், ஏன் என்று கேட்கக் கூடாது. புதியவருக்கு வாய் திறந்து சொல்லும் தைரியம் வர நாளாகும், அட்டையைத் தொடுவது சுலபம்.

தொடர்ந்து மூன்று நாலு வாரம் வராதவரிடம் குரூப்பில் கேட்காமல் தனியாகப் போன் பண்ணிக் கேளுங்கள். "சீசன் முடியட்டும், அதுவரைக்கும் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போ" என்றால் பலர் நிம்மதியாகிவிடுவார்கள். முழுக்க விலக வேண்டும் என்றாலும் சரி, அவர் பாத்திரத்துக்கு நல்ல வழியனுப்பு ஒன்று வைத்து விடைகொடுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும்.

நடத்துபவரே வரலைன்னா?

அன்றைக்குக் கணக்கெல்லாம் உதவாது. கேம் மாஸ்டரும் எங்கேயோ வேலை பார்க்கிறவர்தான், அவருக்கும் ஷிப்மென்ட் உண்டு. ஜேசன் மார்னிங்ஸ்டார் 2009-ல் வெளியிட்ட 'ஃபியாஸ்கோ' இதற்காகவே ஒரு பிரதி வாங்கி வைக்க வேண்டிய ஆட்டம். நடத்துபவர் தேவையில்லை, முன்தயாரிப்பு தேவையில்லை, மூன்று முதல் ஐந்து பேர், ஒரே மாலையில் முடிந்துவிடும். பேராசை பிடித்த சாதாரண மனிதர்கள் போட்ட திட்டம் கோணலாகிப் போவதுதான் கதை. கடன் வாங்கி பவர் டேபிள் போட்ட இரண்டு பங்காளிகள், காணாமல் போன ஒரு செக் என்று ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பது மணி வரை தாங்கும்.