குப்பையைப் பிரிக்க ஒரு சாதி இருக்கும்வரை

ஒன்றிய அரசின் தூய்மைத் தரவரிசை 2025 ஜூலையில் வெளியானது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் மதுரைக்கு 40-ஆவது இடம். உடனே ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் குப்பை நினைவுக்கு வந்துவிட்டது. வண்டி போதவில்லை, தொட்டி போதவில்லை, ஒப்பந்த நிறுவனம் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கோயில் நகரம் இப்படி நாறலாமா என்று கண்ணீர் விட்டவர்களும் உண்டு. அந்தக் குப்பையை அள்ளுகிறவர்கள் யார், தலைமுறை தலைமுறையாக ஏன் அவர்களே அள்ளுகிறார்கள் என்ற கேள்வி மட்டும் என் காதில் விழவில்லை.

வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பதுதான் எந்தத் திடக்கழிவுத் திட்டத்துக்கும் அஸ்திவாரம். மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தரும் கடமையை 2016-ஆம் ஆண்டு விதிகள் வீட்டுக்காரர் மீதுதான் வைத்தன. நாப்கினையும் டயப்பரையும் பத்திரமாகச் சுற்றித் தரவேண்டும் என்றன. பிரித்துக் கொடுத்தால் காய்கறிக் கழிவு வார்டிலேயே உரமாகும், வெள்ளைக்கல் குப்பைமேடு வளராது. தொழில்நுட்பத்துக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. கழிவு பிளாஸ்டிக்கைக் கொண்டு தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து 2018-இல் பத்மஸ்ரீ வாங்கிய பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிக்காரர்தான். ஆனால் சாம்பார் ஊறிய பைக்குள் கைவிட்டு அந்தப் பிளாஸ்டிக்கை உருவி எடுப்பது யாருடைய விரல்கள்? அதே பைக்குள் உடைந்த கண்ணாடியும் இன்சுலின் ஊசியும் கிடக்கின்றனவே, அவை யாருடைய விரலில் ஏறுகின்றன?

எங்கள் தெரு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினேன். "அதுக்குத்தானே அவங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க?" என்றார் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். உங்கள் வீட்டில் யாராவது அந்தச் சம்பளத்துக்கு அந்த வேலைக்குப் போவார்களா என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தெருவிளக்கு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத்தான் அதிகாரிகள் விழிப்புணர்வுப் பேரணி நடத்துகிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறார்கள். சோம்பேறித்தனமா? பூஜைப் பாத்திரம் தனி, எச்சில் பாத்திரம் தனி, வேலைக்கார அம்மாவுக்கு டம்ளர் தனி என்று பிரித்து வைக்கத் தெரிந்த சமூகம் ஐயா இது! பிரிப்பதில் இவர்களை மிஞ்ச ஆளே கிடையாது. குப்பை என்றதும் மட்டும் கை பின்வாங்குகிறது என்றால், தொட்டால் தீட்டு. தொடுவதற்கென்றே பிறந்தவர்கள் காலையில் வாசலுக்கு வந்து விசில் ஊதுவார்கள். வந்து நிற்பவருக்கு ஐம்பது வயது, அந்த வீட்டுப் பையனுக்குப் பத்து வயது. அவன் அவரை "நீ, வா, போ" என்றுதான் பேசுகிறான்.

அரசாங்கமும் இதைத் தெரிந்தே விட்டு வைத்திருக்கிறது. குப்பையைக் கையால் கையாளக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதிகளிலேயே எழுதினார்கள். தவிர்க்க முடியாவிட்டால் பாதுகாப்போடு கையாளலாம் என்று பக்கத்திலேயே ஒரு பின்வாசலும் வைத்தார்கள். மனிதர்கள் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் இன்றுவரை வேலைக்குப் போகிறார்கள். கையுறை, காலணி, முகக்கவசம், மழைக்கோட்டு ஆகியவற்றைத் தொழிலாளிக்குத் தருவதை உள்ளாட்சி உறுதிசெய்ய வேண்டும் என்று 2016 விதிகள் சொன்னதையும் படித்துவிட்டு, மேலவாசல் குடியிருப்புக்குப் போய் அங்குள்ளவர்களின் கைகளைப் பாருங்கள்.

இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர்கள். மற்றவர்களிலும் பெரும்பகுதி பட்டியல் சாதியினரே. இழிவென்று ஊர் ஒதுக்கிய வேலைதான் என்றாலும், அது மாநகராட்சியின் நிரந்தர வேலையாக இருந்தபோது மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தன. அதை வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப முடிந்தது. பிள்ளைகள் அந்தப் படியில் ஏறி வெளியே வரத் தொடங்கிய காலத்தில்தான் ஒப்பந்தமுறை வந்து படியையே உருவியது. மதுரையிலும் குப்பை அள்ளும் பணி தனியாரிடம் போய்விட்டது. முதலாளி மாறினார். அள்ளுகிற சாதி மாறியதா? 2022 ஏப்ரலில் நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத் தொட்டிக்குள் செத்துப்போன மூன்று பேரும் ஒப்பந்தத் தொழிலாளிகள்தான்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்து, தனியார்மயம் வேண்டாம், பணி நிரந்தரம் செய் என்றார்கள் தூய்மைப் பணியாளர்கள். நள்ளிரவில் போலீஸ் தூக்கிப் போனது. மறுநாள் அமைச்சரவை கூடி அவர்களுக்குக் காலை உணவுத் திட்டத்தை அறிவித்தது. சமூகநீதி ஆட்சியில் பசிக்கு இட்லி கிடைக்கும்; உரிமை கேட்டால் வேன் வரும்.

மதுரையின் அடுத்த திட்ட அறிக்கையில் எத்தனை பேட்டரி வண்டி, எத்தனை உர மையம் என்ற பட்டியல் நிச்சயம் இருக்கும். அதோடு இன்னொரு பட்டியலையும் மாநகராட்சி வெளியிட வேண்டும். குப்பை அள்ளுகிறவர்களில் எந்தச் சாதியினர் எத்தனை பேர், நிரந்தரப் பணியில் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர்? அவர்களை மேற்பார்வை செய்கிற அதிகாரிகள், பொறியாளர்கள், ஒப்பந்தக்காரர்கள் எந்தெந்தச் சாதி? குப்பையைப் பிரித்துத் தராத எத்தனை வீடுகளுக்கு அபராதம் போடப்பட்டது, அதில் வசதியானவர்களின் தெருக்கள் எத்தனை? மாமன்றத்தில் 100 வார்டு கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். ஒருவராவது எழுந்து இந்தக் கணக்கைக் கேட்கட்டும்.