ஆணி அடிக்கக்கூடாது

வங்கியில் எழுத்தர் வேலை எனக்கு. நாளெல்லாம் படிவம், பத்திரம், கையெழுத்து. வாடகை ஒப்பந்தப் பத்திரமும் ஒரு பிரதிதான். தோழர்களே, அதைக் கொஞ்சம் சேர்ந்து வாசிப்போம்.

வீட்டு உரிமையாளர் பெயர், தகப்பனார் பெயர், விலாசம். வாடகைதாரர் பெயர், தகப்பனார் பெயர், நிரந்தர விலாசம். மாத வாடகை, அட்வான்ஸ், 11 மாதம். சாதி என்று ஒரு வரி கிடையாது. 11 மாதம் ஏன்? 1908 பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க வந்த வழக்கம் இது. நமக்கு அதன் அர்த்தமே வேறு. 11 மாதத்துக்கு ஒரு தடவை நம்ம சாதி மறு விசாரணைக்கு வரும்.

தஞ்சை மாவட்டத்தில் ஒரு டவுனுக்கு மாற்றலாகிப் போனேன். பேங்க் வேலைன்னதும் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். அட்வான்ஸை வாங்கிக்கொண்டார். சாதி கேட்கவில்லை. டிராஃப்ட் எழுத ஆதார் நகல் கொடுத்தேன். விலாசத்தில் ‘காலனித் தெரு’ என்று இருந்தது. விரலை அந்த வரியில் வைத்தபடியே, “எந்தக் காலனி சார், ஹவுசிங் போர்டா?” என்றார். “இல்லைங்க, ஊர்க் காலனி” என்றேன். மறுநாள் காலையில் போன். “தப்பா நினைக்காதீங்க சார், தங்கச்சி மகன் குடிவர்றானாம்.” அட்வான்ஸ் ஒரு பைசா குறையாமத் திரும்பி வந்தது. ‘வீடு வாடகைக்கு’ அட்டை இன்னும் ஒரு மாசம் அங்கேயே தொங்குச்சு.

‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனா சொல் போனாலும் அந்த விரல் அடுத்த வரியைத் தேடும்.

இரண்டாவது வீட்டில் கையெழுத்தாச்சு. ஒன்பதாவது ஷரத்து: சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. நான் அடிக்கவில்லை. அண்ணல் படத்தை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்திருந்தேன். மூன்றாம் மாசம் குழாய் ஒழுகுதான்னு பாக்க வந்த வீட்டுக்காரம்மா, படத்தைப் பார்த்துட்டுக் குழாயைப் பாக்காமலே போயிட்டாங்க. அன்று மாலை வீட்டுக்காரர் வந்தார். “ஆணி அடிக்கக்கூடாதுன்னு பத்திரத்திலேயே போட்டிருக்கே சார்.” எதிர் போர்ஷனில் முருகன், லட்சுமி, ரெண்டு காலண்டர், நாலு ஆணி. எழுதிய ஷரத்து எழுதாத ஷரத்துக்காக வேலை செய்தது.

நான் என்ன செய்தேன்? படத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். ஊரிலிருந்து வந்த அம்மாவிடம், “சத்தமாப் பேசாதம்மா” என்றேன். “வாடகை நீதானடா குடுக்கிற?” என்று கேட்டது அம்மா. பதில் இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது. 11 மாதம் முடிந்ததும் எப்படியும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்த அண்ணலுக்கும் தங்க இடமில்லை. பார்சி விடுதியில், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொண்டு தங்கினார். 11ஆம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். பெயரை மறைத்தவருக்கு 11 நாள்; படத்தை மறைத்த எனக்கு 11 மாதம். மறைத்து வாழ்கிற வாழ்க்கைக்குத் தவணை இவ்வளவுதான்.

சட்டம் இல்லையா? இருக்கு. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 4ஆம் பிரிவின்படி, எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடெடுத்துக் குடியிருப்பதைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பது குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. தடுக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், மாறாக நிரூபிக்கப்படும்வரை தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது என்கிறது. ஆனால் ‘தங்கச்சி மகன் வர்றான்’ என்பதை எந்தப் பிரிவில் பிடிப்பது? மறுப்பு வாய்ச்சொல்லாகவே இருக்கும்வரை சட்டம் பீரோவில்தான் தூங்கும்.

ஆகவே என் கருத்து இதுதான். டிராஃப்டை வீட்டுக்காரர் கையிலோ புரோக்கர் கையிலோ விட்டுடாதீங்க. நாமே எழுதுவோம். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுப்போம். சமையல், விருந்தாளி, சுவரில் மாட்டும் படம் ஆகியவை வாடகைதாரர் உரிமை என்று ஒரு ஷரத்து. காலி செய்யச் சொன்னால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று இன்னொன்று. பத்திரத்தின் அடியில் சாட்சிகளுக்கு இரண்டு கோடு இருக்கும். அங்கே நம் தோழர்கள் கையெழுத்துப் போடட்டும். தனியாளாகப் போய் நின்றால்தான் தங்கச்சி மகன் வருவான்.

இப்படியெல்லாம் எழுதினா வீடே கிடைக்காது என்பீர்கள். சிலருக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் எழுதாமல் இருந்தபோது மட்டும் கிடைத்ததா? ஷரத்தைப் படித்துவிட்டு ஒருவர் மறுக்கும்போது, அதுவரை மௌனமாய் இருந்த மறுப்பு சாட்சிகள் முன்னால் வாய் திறக்கிறது.

மூன்றாவது வீட்டுக்கு டிராஃப்ட் நானே எழுதினேன். ஒன்பதாவது ஷரத்து: வாடகைதாரர் தமக்கு வேண்டிய படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். “எந்தப் படம்?” என்று கேட்டார்கள். சொன்னேன். ரெண்டு பேர் பேனாவை மூடினார்கள். மூணாவது ஆள் கையெழுத்துப் போட்டார்.

அம்மா வந்திருக்கு. சத்தமாப் பேசிக்கிட்டிருக்கு.