சாவைக் கணக்கிட்ட நகரம்

கொலை நடந்தபின் வருவது காவல்துறை. அதற்கும் பின்னே நீதிமன்றம். இவ்விரண்டுக்கும் முன்னே ஆற்றவேண்டிய தடுப்புப் பணி ஒன்றுண்டு. வன்முறை, பொதுச் சுகாதாரத்தின் முதன்மையான கேடுகளுள் ஒன்று என உலகச் சுகாதாரப் பேரவை 1996-இல் அறிவித்தது. கொலம்பியா நாட்டின் காலி மாநகர் அதற்கு முன்பே அவ்வழியில் நடந்து காட்டியிருந்தது.

1992-இல் அந்நகரின் மேயரான ரோட்ரிகோ குரேரோ மருத்துவர். ஹார்வர்டில் நோய்ப்பரவியல் கற்றவர். போதைப்பொருள் கும்பல் கோலோச்சிய காலம் அது. விழுந்த பிணமெல்லாம் கும்பலின் கணக்கிலேயே எழுதப்பட்டது. குரேரோ அதை அப்படியே ஏற்கவில்லை. காவல்துறைக்கு ஓர் எண், பிணக்கூறாய்வு மருத்துவருக்கு ஓர் எண், அரசு வழக்குத் துறைக்கு இன்னோர் எண் என்றிருந்த நிலையை மாற்றினார். வாரந்தோறும் அனைவரையும் ஒரே மேசையில் அமர்த்தினார். மாண்டவர் எவர், எந்தத் தெருவில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, எந்தக் கருவியால் என்று ஒவ்வொரு சாவும் ஒப்புநோக்கப்பட்டது.

கணக்கு வேறொன்றைக் காட்டிற்று. கொலைகள் வார இறுதியிலும் சம்பள நாளையொட்டிய இரவுகளிலும் குவிந்திருந்தன. மாண்டோர் பலரின் குருதியில் மது. பெரும்பாலான கொலைகளில் துப்பாக்கி. கும்பலுக்கும் பங்குண்டு, மறுப்பதற்கில்லை; ஆயினும் சம்பள நாள் பார்த்துக் கொல்வது கும்பலின் வழக்கமன்று.

மது விற்பனை நேரம் சுருக்கப்பட்டது. சம்பள நாளையடுத்த வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும், உரிமம் பெற்றவர்கூடத் துப்பாக்கியுடன் வெளியே நடமாடத் தடை வந்தது. தடையிருந்த நாட்களில் கொலைகள் 14 விழுக்காடு குறைவு என்று 2000-இல் வெளியான ஆய்வு கண்டது. இதே தடையைக் கொணர்ந்த தலைநகர் போகோட்டாவில் 13 விழுக்காடு. இதை அற்பம் என்பார், கடுந்தண்டனை ஒன்றையே மருந்தாக நம்புவோர். ஒருவரையும் தூக்கிலேற்றாமல் காத்த உயிர்கள் இவை.

தடை இடையறாது நீடிக்கவில்லை. காலி இன்றும் அமைதி பூண்ட நகரம் அன்று. எனினும் அது கண்ட முறை பொய்த்துவிடவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2005-இல் காவல்துறையே வன்முறைத் தணிப்புப் பிரிவைத் தொடங்கி, கத்திக்குத்தைத் தொற்றுநோய்போல் அணுகியது. அப்போது ஆண்டுக்கு 130-ஐத் தாண்டியிருந்த ஸ்காட்லாந்தின் கொலைகள், அண்மை ஆண்டுகளில் 60-க்கும் கீழே இறங்கியுள்ளன. இதில் வேறு காரணங்களுக்கும் பங்கிருக்கலாம். அதற்காக இம்முறையை ஒதுக்குவது பொறுப்பாகாது.

கொலைக் கணக்கை ஆண்டுக்கொருமுறை அச்சிட்டு அலமாரியில் அடுக்கும் அரசுகள், இனியேனும் அதை வாரந்தோறும் மருத்துவர்முன் வைக்கட்டும்.