மார்கழியில் நெல் முளைக்கலையா? விதையைத் திட்டுறதுக்கு முன்னாடி...

ஏனாத்தூர், உத்திரமேரூர் பக்கம் நவரைப் பட்டத்துக்கு டிசம்பர், ஜனவரியில் நாற்று விடுறாங்க. முளைப்பு மந்தமானா முதல் பழி விதைக்கடை மேலதான். பல நேரம் காரணம் குளிர். நெல் வேகமா முளைக்க 30 டிகிரி வேணும். ராத்திரி 20-ஐ ஒட்டி இறங்கினா இழுக்கும். (குளிர்நாட்டு சோயாவுக்கு இன்னும் மோசம்: 10 டிகிரிக்குக் கீழே ஈரம் உறிஞ்சினா செல் சவ்வே சேதமாகும்.) நமக்கு வெறும் தாமதம்தான். அதுக்காக மறுபடி விதை வாங்குறது வீண் செலவு. 100 நெல்லை ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குள்ள வைங்க. 80 முளைச்சா சான்று விதைக்கான அளவு வந்தாச்சு. ஊறின விதைமூட்டையை வைக்கோலால் மூடினா கதகதப்பு நிற்கும். குளிர் போகட்டும்னு விதைப்பைத் தள்ளிப்போடுறதைத்தான் என்னால ஏத்துக்க முடியலை: கோடை வெயில் 35 டிகிரியைத் தாண்டும்போது பூத்தா பதர் கூடும்.