பெயர் சொல்லாக் காதலும் பெயர் சொல்லும் துயரும்

ஆண்டுதோறும் துறையின் மலருக்கு வரும் மாணவர் படைப்புகளுள் பெரும்பாலன காதலையும் பிரிவையும் பாடுபவை. படித்து முடித்தபின் எமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. இதை எழுதியவர் உண்மையிலேயே யாரையேனும் இழந்தாரா? திரைப்பாடலில் கேட்ட நிலவு அங்கே இருக்கின்றது, பிறர் கவிதையில் கண்ட ரோசாவும் இருக்கின்றது, எழுதியவரைத்தான் காணோம். மறுபுறம், சொந்தத் துயரை ஊரறியச் சொல்வது நாணத்தக்கது என்று கருதும் பெரியோரும் நம்மிடையே உளர். இவ்விரு சாரார்க்கும் தமிழ் மரபில் விடை உண்டு என்பது எம் கருத்து.

அவ்விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே பாரி ஆண்ட பறம்புமலை என்பர். பாரி வீழ்ந்தபின் அவன் மகளிர் பாடிய பாட்டு புறநானூற்றில் 112ஆம் பாட்டாக நிற்கின்றது. ஐந்தே அடிகள். சென்ற மாதத்து வெண்ணிலவில் தந்தை இருந்தார், மலையும் தம்மிடம் இருந்தது. இம்மாதத்து நிலவில் இரண்டும் இல்லை. பாட்டின் செய்தி இவ்வளவே. அழுகை என்ற சொல்லோ கண்ணீர் என்ற சொல்லோ அதில் இல்லை. இழந்தது எது, எப்போது என்பதை மட்டும் கூறினர். கேட்பவர் நெஞ்சு கலங்க அதுவே போதுமானதாயிற்று. பாரியின் நண்பர் கபிலரும் அவ்வாறே, அம்மகளிர் குப்பைமேட்டின்மேல் ஏறி நின்று உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணும் காட்சியைக் காட்டி அமைகின்றார்.

இறந்தாரை எண்ணி இருந்தார் புலம்புதலைத் தொல்காப்பியர் கையறுநிலை என்னும் துறையாகவே வகுத்தார். அரபு மொழியில், உடன்பிறந்த ஸக்ரை இழந்த கன்ஸா அம்மையார் பாடிய இரங்கற்பாக்கள் அம்மொழி இலக்கியத்தின் அணிகலனாக இன்றும் போற்றப்படுகின்றன. துயரைச் சொல்லுதல் பொறுமைக்கு மாறானது எனக் கருதுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தைப் பருவத்திலேயே மறைந்த மகன் இப்ராஹீமுக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். அக்கண்ணீர் இரக்கத்தின் வெளிப்பாடு என்றும் விளக்கினார்கள். விலக்கப்பட்டது ஆடை கிழித்து ஓலமிடும் ஒப்பாரியே.

இனிக் காதலுக்கு வருவோம். வெள்ளிவீதியார் தம் பிரிவுத்துயரையே பாடினார் என்பர். குறுந்தொகையில் உள்ள அவர் பாடல்களில் காதலன் பெயரை எங்கும் காணோம். அகப்பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. துயரில் பெயர் சொல்லலாம். காதலில் பெயர் மறைக்க வேண்டும். இவ்விதி இன்றைய கைப்பேசிக் காலத்தில் முன்னினும் தேவையானது. சினத்தில் ஓர் இளைஞர் எழுதி அனுப்பும் ஒரு பெயர், ஒரு பெண்ணின் படிப்பையே நிறுத்திவிடக் கூடும். தன் நெஞ்சின் நிலை தனக்குரியது. மற்றவர் மானம் தனக்குரியதன்று.

எழுதுவதால் மனப்புண் ஆறுமா? அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் தம் மாணவி சாண்ட்ரா பீலுடன் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நாளொன்றுக்கு 15 நிமிடமாக 4 நாள்கள் எழுதினர். தமக்கு நேர்ந்த துன்பத்தையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியோர், பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. எழுதிய உடனே அவர்தம் மனம் முன்னிலும் கலங்கியது என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை.

எம் வகுப்பறை அனுபவம் ஒன்றை, உரியவர் இசைவு பெற்றே இங்குக் குறிக்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர் ஒருவர் சவூதியில் பணியாற்றிய தந்தையை இழந்தார். ஜனாஸா அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. இறுதியாக முகம் காணும் வாய்ப்பும் குடும்பத்திற்குக் கிட்டவில்லை. பல வாரங்கள் அவர் வகுப்பில் வாய் திறக்கவில்லை. தந்தையைப் பற்றி எழுதி வருமாறு கூறினோம். முதலில் வந்த தாளில் தியாகச்சுடர், கலங்கரை விளக்கம் என்னும் சொற்களே நிறைந்திருந்தன. "அவருடைய பொருள் ஏதேனும் வீட்டில் இருக்கின்றதா?" என்று வினவினோம். மறுவாரத் தாளில் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. பெட்டியோடு திரும்பி வந்த அக்கடிகாரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்னதாக, சவூதி நேரத்தையே காட்டி ஓடுகின்றதாம். அதைத் திருத்தத் தாயார் விடவில்லை. பகலுணவு பரிமாறும்போது அதைப் பார்த்து, "அத்தா இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க" என்பாராம். அத்தாளை வகுப்பில் படித்தபோது மாணவரின் குரல் நடுங்கியது. ஆயினும் படித்து முடித்தார். அன்று முதல் பேசத் தொடங்கினார். எழுத்து அவர் தந்தையை மீட்டுத் தரவில்லை. அத்துயரைத் தனியே சுமக்கும் நிலையை மாற்றியது.

எழுத்து எல்லாவற்றிற்கும் மருந்தன்று. உணவையும் உறக்கத்தையும் நெடுநாள் பறிக்கும் துயராயின், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கடமையாகும்.

அடுத்த மலரில் கையறுநிலைக்கெனச் சில பக்கங்கள் ஒதுக்க வேண்டும் என்பது எம் வேண்டுகோள். மாணவச் செல்வங்களே, நிலவைப் பாட விரும்பினால் பாடுங்கள். அந்நிலவு எந்த இரவில் உங்கள் வீட்டு முற்றத்தில் காய்ந்தது, அப்போது உங்கள் அருகில் இருந்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.